அகல டயர் ஆசை… கல்வராயன் வளைவில் என்ன ஆகும்?

பழைய பைக்கை வாங்கி, தன் கையால் புது உருவம் கொடுக்கும் மோகம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சிற்றூர்கள் வரை வந்துவிட்டது. பெயின்ட், சீட், சைலன்சர் எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேர்வு செய்பவர்கள், தரையைத் தொடும் ஒரே பொருளான டயரையும் அதைத் தாங்கும் ரிம்மையும் மட்டும் கண்ணால் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள்.

தியாகதுருகம். காலை ஒன்பது மணி. மலைக்கோட்டைப் பாறையில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. கடைவீதியிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் நடு ஸ்டாண்டில் நிற்கிறது. சீட் இல்லை. பின் மட்கார்டை பாதியில் அறுத்திருக்கிறார்கள். டேங்க்கில் புதிதாகப் பூசிய கறுப்பு இன்னும் முழுசாகக் காயவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் இருபத்து இரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞர். பெரிய பைக் ஒன்றிலிருந்து கழற்றிய செகண்ட் ஹேண்ட் அலாய் வீலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதில் 130/70-17 டயர். பிள்ளைகள் ‘பெருசு’ என்று சொல்லும் அளவு.

மெக்கானிக் வீலை ஸ்விங் ஆர்முக்குள் நுழைக்கிறார். ஆக்சிலைத் தட்டி ஏற்றுகிறார். கையால் ஒரு சுற்று சுற்றுகிறார். அரைச் சுற்றுகூட வரவில்லை. இடது பக்கம் செயினில் ரப்பர் உரசி நின்றுவிடுகிறது.

“தம்பி, டயர் இங்க ஓடினா செயின் எங்க ஓடும்?”

“பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு ஸ்பேசர் போட்டு வெளியில தள்ள முடியாதாண்ணே?”

“பின்னாடி தள்ளிடலாம். இன்ஜின்ல இருக்கிற முன் ஸ்ப்ராக்கெட்டை யாரு தள்றது? செயின் கோணலா இழுக்கும். நெடுஞ்சாலையில நீ அறுபதுல போறப்ப கழண்டு வீலைப் புடிச்சுக்கிச்சுன்னா?”

இளைஞரிடம் பதில் இல்லை. வீலுக்கும் டயருக்கும் சேர்த்துக் கொடுத்த காசு போன வருத்தம் முகத்தில் தெரிகிறது. ஆனால் அன்று அவர் இழந்தது காசு மட்டும்தான். உரசாமல் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்ட டயர்தான் பெரிய ஆபத்து. ஏனென்றால் அந்த வண்டி சாலைக்கு வந்துவிடுகிறது.

ஆசை வந்த வழி

வண்டியை அறுத்து ஒட்டும் கலை நேற்று வந்ததல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்க இளைஞர்கள் மட்கார்டை வெட்டி, தேவையற்றதைக் கழற்றி ‘பாபர்’ செய்தார்கள். பிறகு முன் ஃபோர்க்கை நீட்டி, ஒல்லியான 21 இன்ச் முன் வீல் போட்டு ‘சாப்பர்’ வந்தது. லண்டனில் ‘கஃபே ரேசர்’ பிறந்தது. இப்போது செல்போன் திரையில் வரும் படங்கள் பெரும்பாலும் இந்த மூன்றின் வாரிசுகள்தான்.

நம் பக்கத்துக் கதையும் சளைத்ததல்ல. சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1955-இல் புல்லட்டுக்காகத் தொடங்கப்பட்டது. அதே திருவொற்றியூரில்தான் 1946-இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாக எம்.ஆர்.எஃப். ஆரம்பித்தது. மதுரையில் 1982 முதல் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா இருக்கிறது. வண்டியும் டயரும் தமிழ்நாட்டுக்குச் சொந்த வீட்டுத் தொழில். இருந்தும், டயர் ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்கும் பழக்கம் நமக்கு வரவில்லை என்பதுதான் வேதனை.

அந்தக் கால வண்டிகளின் டயர் இன்றைய கண்ணுக்குச் சோனியாகத் தெரியும். யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. பழைய புல்லட்டுக்கு இரண்டு பக்கமும் 3.25-19. பிறகு 2009-இல் வந்த கிளாசிக் 350-க்கு 90/90-19, 110/90-18. இன்று ஹன்டர் 350-க்குப் பின் டயர் 140/70-17; டியூக் 390-க்கு 150/60-17. ஷோரூமில் பின் டயர் பெருக்கப் பெருக்க, பழைய வண்டி வைத்திருப்பவருக்கு ‘நம்மதும் அப்படி இருந்தால் என்ன’ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் டியூக்கில் அந்த டயரோடு சேர்ந்து அகல ரிம், அகல ஸ்விங் ஆர்ம், அதற்கேற்ற இன்ஜின் சக்தி, பிரேக் எல்லாமே ஒன்றாக வடிவமைக்கப்பட்டு வந்தன. டயரை மட்டும் உருவி எடுத்து நூறு சி.சி. வண்டிக்குள் சொருகினால் மற்றவை கூட வராது.

─────────────────
பெட்டிச் செய்தி: டயர் ஓரம் என்ன சொல்கிறது?

100/90-17 55P என்று இருந்தால்:

• 100 – டயரின் அகலம், மி.மீட்டரில்.
• 90 – டயர் சுவரின் உயரம், அகலத்தில் 90 சதவீதம். அதாவது 90 மி.மீ.
• 17 – ரிம்மின் விட்டம், இன்ச்சில்.
• 55 – சுமைக் குறியீடு. இந்த எண்ணுக்கு 218 கிலோ. (47 என்றால் 175, 52 என்றால் 200, 54 என்றால் 212, 57 என்றால் 230 கிலோ.)
• P – வேகக் குறியீடு. மணிக்கு 150 கி.மீ. வரை. (L 120, S 180, H 210.)

பழைய முறையில் 2.75-18 என்றால் அகலம் 2.75 இன்ச், ரிம் 18 இன்ச். சுவரின் உயரமும் ஏறக்குறைய அகலத்தின் அளவே.

நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்தது. செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இது. பட்டன் நன்றாக இருக்கும், ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும்.
─────────────────

ரிம்மைக் கேட்காமல் டயர் வாங்காதீர்கள்

டயர் கடைக்குப் போய் “இதைவிட ஒரு சைஸ் பெருசு கொடுங்க” என்று கேட்பதுதான் வழக்கம். அங்கேயே தப்பு தொடங்குகிறது. ஒவ்வொரு டயரும் இன்ன அகலத்திலிருந்து இன்ன அகலம் வரையுள்ள ரிம்மில்தான் உட்கார வேண்டும் என்று டயர் நிறுவனங்கள் அட்டவணை வைத்திருக்கின்றன. இங்கே ரிம்மின் அகலம் என்பது டயரின் விளிம்பு உட்காரும் இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள உள்ளளவு. வெளியிலிருந்து டேப் வைத்து அளந்தால் தப்பான எண்தான் கிடைக்கும். பெரும்பாலான ரிம்களில் 1.60, 1.85, 2.15, 2.50 என்று குத்தியே இருக்கும். அழுக்கைத் துடைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

90/90 டயரை அளந்து சரிபார்க்கும் ரிம் 2.15 இன்ச். 100/90-க்கும் 110/80-க்கும் 2.50. 120/80-க்கு 2.75. 130/70-க்கு 3.50. 140/70 என்றால் 4.00. இதைவிடச் சற்று குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். எவ்வளவு என்பதை அந்தந்த நிறுவனத்தின் அட்டவணை சொல்லும். ஆனால் 1.85 இன்ச் ரிம்மில் 110 டயரை அமுக்கி ஏற்றுவது எந்த அட்டவணையிலும் கிடையாது.

அப்படி ஏற்றினால் என்ன ஆகும்? டயரின் இரண்டு விளிம்புகளும் நெருக்கி இழுக்கப்படுகின்றன. நடுப்பகுதி கூம்பிக்கொண்டு எழும்புகிறது. ‘அகல டயர் போட்டேன், கிரிப் கூடும்’ என்று நினைத்தவருக்கு, நேராகப் போகும்போது தரையில் படுவது நடுவில் ஓர் ஒல்லிக் கோடு. உளுந்தூர்பேட்டை – சேலம் நெடுஞ்சாலையில் நேர் ஓட்டம் ஓடுபவர்களுக்கு அந்த நடுக்கோடு சீக்கிரம் தேய்ந்து மொட்டையாகும்; ஓரத்துப் பட்டன்கள் புதுசாகவே இருக்கும். டயரைப் பார்ப்பவர் ‘இன்னும் நல்லாத்தானே இருக்கு’ என்பார். மழையில் பிரேக் பிடிக்கும்போதுதான் உண்மை தெரியும். தேய்மானத்தைக் காட்ட, டி.டபிள்யூ.ஐ. என்று எழுதிய இடத்துக்கு நேரே, பள்ளத்துக்குள் சிறு மேடு வைத்திருப்பார்கள். நடுப்பட்டன் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் ஓரம் எப்படி இருந்தாலும் டயர் முடிந்தது.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. அகல ரிம்மில் ஒல்லி டயர். டயர் தட்டையாக விரிந்து, ஓரங்கள் மேடாக நிற்கும். நேராகப் போகையில் ஒன்றும் தெரியாது. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது ஓரத்தில் ஏறி விழுவதுபோல ஒரு திடீர் மாற்றம் வரும். காற்று குறைந்தால் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடவும் கூடும்.

அகலம் கூடினால் பிடிமானமும் அதே அளவு கூடும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பின் வீலில் 190 கிலோ இறங்குகிறது, காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 2.25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் சுமார் 84 சதுர செ.மீ. வருகிறது, விரல்களை விட்டுவிட்டால் ஓர் உள்ளங்கை அளவு. டயர் ஒல்லியோ பருமனோ, அதே சுமையும் அதே காற்றும் இருக்கும்வரை இந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அதன் வடிவம். ஒல்லி டயரில் நீளவாட்டில் இருக்கும், அகல டயரில் குறுக்குவாட்டில் இருக்கும். பந்தயப் பாதையில், நூறு குதிரைசக்தி இன்ஜினில், அந்தக் குறுக்குப் பரப்புக்கு வேலை இருக்கிறது. எட்டு குதிரைசக்தி ஸ்ப்ளெண்டரில் அது பார்வைக்கு மட்டும்தான்.

விட்டம் மாறினால் மூன்று விஷயம் மாறும்

அகலத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். விட்டத்தைக் கணக்குப் போடுபவர்கள் குறைவு. கணக்கு எளிது. ரிம் இன்ச்சை 25.4-ஆல் பெருக்கி, டயர் சுவரின் உயரத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டினால் மொத்த விட்டம் கிடைக்கும்.

ஸ்ப்ளெண்டரின் 80/100-18 டயருக்கு 617 மி.மீ. அதே வண்டியில் 100/90-18 போட்டால் 637. மூன்று சதவீதம் கூடுகிறது. 120/80-18 என்றால் 649. ஐந்து சதவீதத்துக்கு மேல். நாற்பது பல் உள்ள பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல்லைக் குறைப்பதும் இதுவும் ஒன்றுதான். சமவெளியில் டாப் கியரில் இன்ஜின் அமைதியாகச் சுற்றுவதுபோல இருக்கும். மேட்டில் மூச்சு வாங்கும். டயரின் எடையும் ஏறியிருப்பதால், ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் அந்த எடையையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். மைலேஜ் போகிறதே என்று கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் பலர், உண்மையில் டயரில் விட்டதைத்தான் அங்கே தேடுகிறார்கள்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்கு நல்ல செய்தியும் சொல்கிறது. 3.25-19 டயரின் விட்டம் சுமார் 648 மி.மீ. பின்னால் 18 இன்ச் ரிம்மில் 120/80-18 போட்டால் 649. அகலம் கூடியும் உயரம் மாறவில்லை. கியர் விகிதம் அப்படியே நிற்கிறது. பாபர் தோற்றத்துக்கு 130/90-16 போட்டால் 640. ஒரு சதவீதம்தான் வித்தியாசம். அதையே 130/90-15 ஆக்கினால் 615. ஐந்து சதவீதம் இறங்கிவிடும், பின்பக்கம் பதினாறு, பதினேழு மி.மீ. தரையை நெருங்கும். ஒரே ஒரு இன்ச் ரிம் வித்தியாசத்தில் இவ்வளவு மாறுகிறது. படம் பார்த்து வாங்குபவருக்கு இந்த இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

முன் வீலில் விளையாடுவது இன்னும் நுட்பமான விஷயம். சாப்பர் ஆசையில் ஸ்ப்ளெண்டர் முன்னால் 90/90-21 போட்டால் விட்டம் 695 மி.மீ. ஆகிறது. முன்பக்கம் 39 மி.மீ. தூக்கிக்கொள்ளும். ஃபோர்க்கின் சாய்வு கூடும், ஹேண்டில் மந்தமாகும். மெதுவாகப் போகும்போது இங்கும் அங்கும் சாயும், நெருக்கடியான திருப்பத்தில் திரும்ப மறுக்கும். மாறாக, 19 இன்ச்சைக் கழற்றிவிட்டு 17 இன்ச் போட்டால் முன்பக்கம் இறங்கி, ஹேண்டில் பதற்றமாகும்; வேகத்தில் சின்னக் குழி பட்டாலே ஆட்டம் காட்டும்.

ஸ்பீடாமீட்டர் கேபிள் முன் வீலிலிருந்து வரும் வண்டிகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அந்த 21 இன்ச் வீலோடு முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 67-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுபவருக்குத் தெரியாது. புதிய வண்டிகளில் வேறு வகையில் இடிக்கும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அது வீலின் சுழற்சி வேகத்தை அளந்துதான் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. வீல் அளவு மாறினால் அந்தக் கணக்கும் பிசகும்.

மூன்று பேர், ஒரு மூட்டை

நம் ஊர் வண்டி எப்படி ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கணவன், மனைவி, நடுவில் பிள்ளை. அல்லது மூன்று நண்பர்கள். சில நேரம் மடியில் மூட்டையும். சட்டம் இருவரைத்தான் அனுமதிக்கிறது. ஆனால் டயர் தாங்க வேண்டியது சாலையில் உண்மையில் நடப்பதை.

ஸ்ப்ளெண்டரின் எடை சுமார் 112 கிலோ. ஆளுக்கு 60 கிலோ வீதம் மூன்று பேர் என்றால் 180. மொத்தம் 292. பின்னால் ஆட்கள் இருக்கும்போது மூன்றில் இரண்டு பங்கு பின் வீலில் இறங்கும். அதாவது 190 கிலோ அளவில். அந்த வண்டியின் பின் டயரின் சுமைக் குறியீடு 54. தாங்குவது 212 கிலோ. அதுவும் காற்று சரியாக இருந்தால். ஐம்பது கிலோ மூட்டை ஒன்று ஏறினால் எல்லை தாண்டிவிட்டது.

இப்போது கஸ்டம் வேலைக்கு வருவோம். ‘80-ஐக் கழற்றிவிட்டு 17 இன்ச் வீலில் 100 போட்டேன், இன்னும் நன்றாகத் தாங்கும்’ என்று ஒருவர் நினைக்கலாம். 100/80-17 டயர்கள் பலவற்றில் குறியீடு 52, 200 கிலோ. அகலமாகத் தெரியும் டயர், கழற்றிய ஒல்லி டயரைவிடக் குறைவாகத் தாங்குகிறது! சுமையைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. சுவர் குட்டையானால் காற்றுக்கு இடம் குறைகிறது. அதே 17 இன்ச்சில் 57 குறியீடுள்ள 110/80 எடுத்திருந்தால் 230 கிலோ கிடைத்திருக்கும், விட்டமும் 608 மி.மீ. என்று பழைய அளவுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கும். ரிம் 2.50 வேண்டும், ஸ்விங் ஆர்மில் இடம் வேண்டும். இரண்டும் இருந்தால் அது நியாயமான தேர்வு. டயர் கடையில் நின்று அந்த இரண்டு இலக்க எண்ணைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

மலை ஏறினால் தெரியும்

தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி, அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலைப் பாதை. கரியாலூர், வெள்ளிமலை, மேகம் அருவி, பெரியார் அருவி என்று விடுமுறை நாட்களில் இளைஞர்கள் கூட்டமாகக் கிளம்புவது இந்த வழியில்தான். கஸ்டம் பைக் வைத்திருப்பவர் முதலில் போட்டோ எடுக்க நினைக்கும் இடமும் இதுதான்.

சமவெளியில் கரும்புச் சீசனில் டிராக்டர் டிரெய்லர்கள் சிந்திவிட்டுப் போன கரும்புத் தோகை சாலையில் கிடக்கும். மலையில் ஏறினால், மழை கழுவிக் கொண்டுவந்த செம்மண்ணும் சரளையும் வளைவின் உள் ஓரத்தில் திட்டுத் திட்டாகக் குவிந்திருக்கும். தார் முடிந்து குக்கிராமங்களுக்குப் பிரியும் பாதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த மலை மக்களின் நிலை குறித்து 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் சாலைகள் ஒரு முக்கியக் கேள்வியாகவே எழுந்தன.

இங்கே அகல டயர் எப்படி நடந்துகொள்கிறது? வண்டி சாயும்போது தரையைத் தொடும் இடம் டயரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்கிறது. டயர் அகலமாக இருந்தால் அதிக தூரம் நகர்கிறது. அதனால் அதே வேகத்தில் அதே வளைவைக் கடக்க, ஒல்லி டயர் வண்டியைவிட அகல டயர் வண்டி கூடுதலாகச் சாய வேண்டும். சாய்ப்பதற்கும் கூடுதல் பலம் வேண்டும். கொண்டை ஊசி வளைவில் எதிரே திடீரென்று பஸ் வந்துவிட்டால் கோட்டை மாற்றச் சில அடிகள்தான் கிடைக்கும். அந்த இடத்தில் பின்னால் மட்டும் பெருத்து, முன்னால் பழைய ஒல்லி டயரோடு இருக்கும் வண்டி, ஹேண்டில் ஒன்று சொன்னால் பின்பக்கம் வேறொன்று செய்யும். முன்னும் பின்னும் பொருந்திய ஜோடியாகவே டயர் நிறுவனங்கள் வடிவமைக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

ஈரச் சாலையில் இன்னொன்று. ஒல்லி டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும். அகல டயருக்கு அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருக்கிறது. பள்ளங்கள் குறைந்த ‘ஸ்லிக்’ மாதிரி டயரை அழகுக்காகப் போட்டுக்கொண்டு ஐப்பசி மழையில் மலையேறுவதை யார் செய்தாலும் தடுத்து நிறுத்த வேண்டும் என்றே சொல்வேன். மண்பாதையிலும் முன் டயர் ஒல்லியாக, உயரமாக இருப்பதே நல்லது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனுக்கும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்கும் முன்னால் 90/90-21 கொடுத்திருப்பது அதனால்தான். பெரிய வட்டம் குழிக்குள் ஆழமாக இறங்காது, கல்லின் மேல் எளிதாக ஏறிவிடும். அந்த வண்டிகளின் ஃபோர்க் சாய்வு அதற்காகவே அமைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்த மாவட்டத்தில் மிகச் சரியாக டயர் தேர்வு செய்தவர்கள் மலைக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் விவசாயிகள்தான். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-இன் 2.50-16 டயரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. சின்ன வீல், சின்ன விட்டம். இன்ஜினின் சிறு பலம் முழுவதும் இழுவைக்குப் போகிறது. மரவள்ளி மூட்டையோடு மேட்டில் அது ஊர்ந்து ஏறுவதைப் பார்த்தால் மரியாதை வரும். பழைய ஸ்ப்ளெண்டரில் கம்பெனி அளவிலேயே பின்னால் பட்டன் டயர் போட்டு, பின் ஸ்ப்ராக்கெட்டில் ஓரிரு பல் கூட்டி, கேரியர் வைத்து ஓட்டுவதும் கஸ்டம் பைக்தான். பாதைக்கும் பாரத்துக்கும் ஏற்றபடி வண்டியை மாற்றுவதில் இதைவிடத் தெளிவு வேறெங்கும் இல்லை.

─────────────────
பெட்டிச் செய்தி: சட்டம் எங்கே நிற்கிறது?

• மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது.

• கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை உறுதியாக எடுத்துரைத்தது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு அளித்த தீர்ப்பு அது.

• 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் பிரிவு 182-ஏ(4): அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

• விபத்து நடந்து, இன்ஷூரன்ஸ் சர்வேயர் வண்டியைப் பார்க்கும்போது, சொல்லாமல் செய்த மாற்றம் சொந்தச் சேதக் கோரிக்கையில் தகராறாக வரும்.

• டயர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.
─────────────────

பெயின்ட், சீட் கவர் போன்ற மேற்பூச்சு வேலையும் ஃபிரேமை அறுப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. அதே மாடலின் வேறு வகைகளுக்கு நிறுவனமே கொடுத்திருக்கும் வீல், டயர் அளவுக்குள் நின்றால் பெரும்பாலான சிக்கல் வராது. ஹன்டர், கிளாசிக் போன்றவற்றில் ஸ்போக் வகை, அலாய் வகை என்று நிறுவனமே இரண்டும் விற்கிறது. அந்த அளவுகளைப் பார்த்து எடுப்பவர், இன்ஜினியர்கள் ஓட்டிச் சோதித்த பொருளை எடுக்கிறார். எதற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அறுப்பது நல்லது. பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் வண்டி நிற்கத்தான் போகிறது.

ஸ்போக்கா, அலாயா?

கஸ்டம் பைக்குக்கு ஸ்போக் வீல்தான் அழகு என்பவர்கள் அதிகம். மலைப்பாதைக்கு அது ஏற்றதும்கூட. குழியில் அடித்தால் ஸ்போக் ரிம் கோட்டம் ஆகும், கோட்டம் எடுத்துவிடலாம். மலிவான அலாய் அதே அடியில் விரிசல் விட்டால் சரிசெய்ய வழியில்லை. வெல்டிங் வைத்த அலாயை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஸ்போக்கின் குறை டியூப். கம்பி நுழையும் துளைகள் வழியாகக் காற்று போகும் என்பதால் சாதாரண ஸ்போக் ரிம்மில் டியூப் கட்டாயம். ஆணி குத்தினால் டியூப் டயர் சட்டென்று இறங்கிவிடும். டியூப்லெஸ் மெதுவாக இறங்கும், ஓட்டுபவருக்கு வண்டியை ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். துளைகளை டேப் ஒட்டி அடைத்து டியூப்லெஸ் ஆக்கும் வேலையும் நடக்கிறது. ஆனால் டியூப்லெஸ் ரிம்மில் டயரின் விளிம்பு நழுவாமல் பிடிக்க ஒரு மேட்டு வரம்பு உண்டு. டியூப்புக்கான சாதாரண ரிம்மில் அது இருக்காது. காற்று குறையும்போது விளிம்பு உள்ளே நழுவினால் வண்டி கையில் நிற்காது. டேப் ஒட்டுவதற்கு முன் ரிம்மில் எம்.டி. என்று குத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்போக் வைத்தும் டியூப்லெஸ்ஸாக ஓடும் வீலை ஹிமாலயன் 450-க்கு நிறுவனமே தருகிறது. அந்த ரிம்மின் அமைப்பே வேறு.

வேறு வண்டி ஹப்பில் வேறு ரிம் பூட்டுபவர்கள் துளை எண்ணிக்கையை முதலில் எண்ண வேண்டும். 36 துளை ஹப்புக்கு 36 துளை ரிம். ரிம்மின் விட்டமோ ஹப்பின் விட்டமோ மாறினால் ஸ்போக் கம்பியின் நீளமும் மாறும். துளையின் சாய்வும் ஒத்துவர வேண்டும். பழைய கம்பியை இழுத்து முறுக்கிச் சமாளித்தால் கழுத்தில் உடையும். ஒன்று உடைந்தால் பக்கத்துக் கம்பிகள் அந்தப் பாரத்தையும் சுமந்து அடுத்தடுத்து உடையும்.

கையில் டேப்போடு உட்காருங்கள்

வண்டி கட்ட நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் ஸ்விங் ஆர்முக்குள் ஒரு மணி நேரம் செலவிடட்டும். இருக்கிற டயரின் இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஸ்விங் ஆர்ம், செயின், பிரேக் ராடு, மட்கார்டு, ஷாக் அப்சார்பர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. செயின் பக்கம்தான் எப்போதும் குறைவாக இருக்கும்; அந்த அளவுதான் உங்கள் டயரின் அகலத்தை முடிவு செய்கிறது. வேகத்தில் டயர் கொஞ்சம் விரியும், செயின் ஆடும், ஷாக் அமுங்கும்போது டயர் மேலே வரும். அதனால் எல்லாப் பக்கமும் ஒரு விரல் தாராளமாக நுழையும் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். டயரில் 120 என்று எழுதியிருந்தாலும், ரிம் அரை இன்ச் அகலமானால் டயர் ஏறக்குறைய 5 மி.மீ. விரியும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஸ்ப்ளெண்டர், ஷைன் மாதிரி வண்டிகளில் என் பரிந்துரை அடக்கமானது: முன்னால் கம்பெனி அளவு, பின்னால் அதே விட்டத்தில் 90 அகலம், அதுவும் ரிம் இடம் கொடுத்தால். பழைய புல்லட்டில் பின்னால் 18 இன்ச்சில் 110 அல்லது 120, முன்னால் 19 இன்ச்சில் 90 அல்லது 100. ஆர்.எக்ஸ். 100-ஐத் தயவுசெய்து ஒல்லியாகவே விடுங்கள். அந்த வண்டி இன்றும் பேசப்படுவதற்கு அதன் எடைக்குறைவுதான் காரணம். அதில் பாரத்தை ஏற்றுவது அதன் உயிரை எடுப்பது.

புது டயர் பூட்டியதும், சுழற்சி அம்புக்குறி சரியான திசையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புது ரப்பரின் மேல் வழுவழுப்பு இருக்கும். முதல் 150 கி.மீ. வரை முழுச் சாய்வோ, வெடுக்கென்று பிரேக்கோ வேண்டாம். அந்த ஓட்டத்தைத் தியாகதுருகம் – உளுந்தூர்பேட்டை நேர் சாலையில் ஓட்டி முடியுங்கள். திரும்பி வந்து, ஒவ்வொரு ஸ்போக்கையும் சின்ன ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி ‘டிங்’ என்று சொல்லும், தளர்ந்தது மந்தமாகச் சத்தமிடும். தளர்ந்ததை இறுக்கி, கோட்டம் பார்த்து, டயர் ஆறியிருக்கும்போது காற்று பிடித்துவிட்டு, அதற்குப் பிறகு கச்சிராயபாளையம் பக்கம் வண்டியைத் திருப்பலாம்.